பழைய டிரெய்லரும் புதிய டியூவும்

சென்னைத் துறைமுகத்தின் ராயபுரம் ஜீரோ கேட்டுக்கும் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் கிடங்குகளுக்கும் இடையே கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர்களில் பல, ஓரிரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. உரிமையாளரே ஓட்டுநராக இருப்பதும் உண்டு. வண்டிக்கு வயதாகிவிட்டது, கடன் பாக்கியும் தீரவில்லை என்ற நிலையில் இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் சொல்லப்படுகிறது: பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, பாக்கியை அதன் விலையில் கழித்து, புதுக் கடனில் புது வண்டி எடுப்பது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிவைத்த வாகனக் கழிப்புக் கொள்கை இந்தப் பழக்கத்துக்கு அரசின் ஆதரவைத் தந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது இன்னொரு தூண்டுதல். புது வண்டி தன் டியூவைத் தானே கட்டிக்கொள்ளும் என்பதுதான் இதை ஆதரிப்போரின் மைய வாதம்.

வாதத்தில் ஒரு பகுதி உண்மை. 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்-6 என்ஜின், பிஎஸ்-3 காலத்து என்ஜினைவிட மிகக் குறைவாகவே புகைத்துகளைக் கக்குகிறது. கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று 2009-இலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்திய இடங்களில் மணலியும் ஒன்று. அங்கே வளரும் குழந்தைகளின் நுரையீரலுக்கு இந்த வேறுபாடு பெரிது. பிரேக் பிடிக்காத டிரெய்லரை எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டுவதை எந்தக் கடன் நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

ஆனால் அந்த மைய வாதத்தின் கணக்கு நெடுந்தூர லாரிக்குப் போடப்பட்டது. புது வண்டியின் மிச்சம் டீசலிலும் பழுதுச் செலவிலும் வருகிறது; இரண்டும் ஓடும் கிலோமீட்டரைப் பொறுத்தவை. டியூவோ மாதத்தைப் பொறுத்தது. 30 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு தவணை என்று வைத்துக்கொண்டால், மாத டியூ ஏறத்தாழ 63,700 ரூபாய். பழைய வண்டி லிட்டருக்கு 3 கிலோமீட்டரும் புதியது 3.75 கிலோமீட்டரும் கொடுக்கிறது, டீசல் 92 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் சொச்சம் மிச்சம். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் நெடுந்தூர வண்டிக்கு இது 49,000 ரூபாய். பழுதுச் செலவில் குறைவதையும் சேர்த்தால் டியூவை நெருங்கிவிடும். நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடும் துறைமுக டிரெய்லருக்குக் கிடைப்பதோ 15,000 சொச்சம்தான். மீதி 48,000 ரூபாயைக் கூடுதல் டிரிப்பில்தான் ஈட்ட வேண்டும்.

கூடுதல் டிரிப் வண்டியின் வயதால் வருவதில்லை. கேட்டில் ஆவணச் சரிபார்ப்பு தேங்கினாலோ, யார்டில் கண்டெய்னர் இறக்க ஆள், கிரேன் போதாவிட்டாலோ, புது வண்டியும் பழைய வண்டியும் ஒரே வரிசையில்தான் நிற்கும். எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் பல ஆண்டு இழுத்ததற்கு விலை கொடுத்தவர்களும் அந்த வரிசையில் நின்றவர்களே. வாடகை டிரிப்புக்குத்தான், காத்திருப்புக்குச் சரியான கூலி கிடைப்பது அரிது. கடன் முடிந்த வண்டி வரிசையில் நின்றால் அன்றைய வருமானம்தான் போகும். டியூ உள்ள வண்டி நின்றால், பேட்டாவைக் கழிக்கும் முன்பே 2,000 ரூபாய்க்கு மேல் கடன் ஏறிவிடும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் புது வண்டி எடுக்கச் சொல்வது தவறான ஆலோசனை.

பழைய வண்டிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கடன் அடைந்து எச்.பி. (அடமானப் பதிவு) கேன்சல் ஆன ஆர்.சி. புக், சிறு உரிமையாளர் வீட்டின் ஈட்டுப் பத்திரம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அதன் பேரில்தான் பணம் புரட்டுகிறார்கள். சென்னையில் 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் பழைய லாரிகளின் பேரில் சிறு உரிமையாளர்களுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. பழைய வண்டி நம்பத்தக்க சொத்து என்பதற்கு அந்த வளர்ச்சி போதிய சான்று. வண்டியைக் கழிவுக்குக் கொடுக்கும்போது அந்தச் சொத்து இரும்பு விலைக்குப் போகிறது. ஈடாகக் கிடைப்பவை புது வண்டியின் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை, பதிவுக் கட்டண விலக்கு, சிறு தள்ளுபடி. ஐந்து ஆண்டுக் கடனுக்கு எதிரே இவை அற்பம்.

கொள்கை வயதைப் பார்க்கவில்லை, தகுதியைத்தான் பார்க்கிறது என்ற விளக்கமும் நிற்காது. 2021 அக்டோபர் அறிவிக்கை 15 ஆண்டு கடந்த கனரக வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணத்தை 12,500 ரூபாய் என்று நிர்ணயித்தது. சோதனையில் தேறிய வண்டிக்கும் அதே தொகைதான் இருந்தது. நன்றாகப் பராமரித்தவரையும் பராமரிக்காதவரையும் ஒரே தட்டில் வைத்த கட்டணம் அது.

பழைய வண்டிகளை விலக்கும் முயற்சி அமெரிக்காவில் முன்பே நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபரில் 1989-க்கு முந்தைய லாரிகளைத் தடுத்தன. படிப்படியாக மற்றப் பழைய லாரிகளும் நீக்கப்பட்டன. காற்று தெளிந்தது. ஆனால் ஓட்டுநர்கள் பலர் போக்குவரத்து நிறுவனங்களின் குத்தகைத் தவணையில் சிக்கி, மாதக்கணக்கில் உழைத்தும் வண்டியை இழந்தார்கள். அதே திட்டத்தில் நல்ல பாதியும் இருந்தது: 2009-இல் 20 அடி கண்டெய்னர் ஒன்றுக்கு 35 டாலர் வீதம் சரக்கு உரிமையாளரிடம் வசூலித்து, வண்டி மாற்றத்துக்குச் செலவிட்டார்கள். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு இங்கே எடுத்துக்கொள்ளத்தக்கது இந்தப் பாதிதான். தூய காற்றுக்கான செலவைச் சரக்கு சுமக்க வேண்டும். அதை ஓட்டுநரின் டியூவில் ஏற்றுவது அநீதி.

அப்படி ஒரு நிதி வரும்வரை, கடன் பாக்கி உள்ள உரிமையாளர் முதலில் செலவிட வேண்டியவை பிரேக், டயர், என்ஜின் வேலை. அடுத்தது பாக்கிக் கடன். சேசிஸ் விரிசல் கண்டாலோ, மாத ஓட்டத்தை உறுதிசெய்யும் ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தாலோ மாற்றுவதில் தவறில்லை. அப்போதும் ஷோரூம் வண்டி கட்டாயமல்ல. நெடுந்தூர ஓட்டத்தில் நாலைந்து ஆண்டு கழித்த பிஎஸ்-6 வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. அதே பிஎஸ்-6 என்ஜின் அவற்றில் கிடைக்கிறது, கடனும் சிறியது.