உபவாசமும் ஒருசந்தியும்: கிறித்தவத் தமிழில் நோன்புச் சொற்கள்

கிறித்தவத் தமிழின் சொல்லாட்சி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. 1871இல் நிறைவுற்ற பவர் மொழிபெயர்ப்பு ‘ஜெபம்’, ‘உபவாசம்’ என வடசொற்களை ஆண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அவற்றை ‘இறைவேண்டல்’, ‘நோன்பு’ எனத் தமிழாக்கியது. எனவே இது தூய தமிழ் நோக்கிய நகர்வு என்ற அளவில் அவ்வாய்வுகள் நின்றுவிடுகின்றன. இம்மதிப்பீடு பிழையன்று, ஆயின் போதாது. ஒரு சமயச் செயலுக்குப் பெயரிடும் சொல் அச்செயல் எதற்காக என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது. நோன்புச் சொற்களை அவ்வகையில் பொருள்நோக்கில் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் ‘ஜெபம்’. வடமொழியில் ஜபம் என்பது மந்திரத்தைத் தாழ்குரலிலோ மனத்துள்ளோ பன்முறை உருவேற்றுதல். திரும்பக் கூறுதலே அதன் உயிர். மத்தேயு ஆறாம் அதிகாரமோ, சொற்களை வீணே அடுக்கி வேண்டுவதைக் கடிந்துரைக்கும் பகுதி. உருவேற்றலைக் குறித்த சொல்லாலேயே உருவேற்றலுக்கு எதிரான போதனை தமிழில் வழங்கிவந்துள்ளது. முரண் வெளிப்படையானது, எனினும் வழக்கில் அது எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. ‘ஜெபமாலை’ என்னும் தொடரில் மட்டுமே அச்சொல் தன் பழம்பொருளோடு முற்றும் பொருந்தி நிற்கிறது. ‘இறைவேண்டல்’ இச்சிக்கலை நீக்கி வேறொன்றைக் கொணர்கிறது. புகழ்தலும் நன்றி கூறலும் வாளா இருத்தலும் அடங்கிய ஒரு செயலை, கேட்டல் என்னும் ஒன்றனுள் அது சுருக்குகிறது. மக்கள் வழக்கில் ‘வேண்டுதல்’ நேர்த்திக்கடனையும் சுட்டும் என்பதால், கொடுக்கல் வாங்கலின் சாயலும் அதன்மேல் படிகிறது.

நோன்பைக் குறிக்கும் சொற்கள் இவற்றினும் வளமானவை. கிரேக்க மூலத்தின் ‘நேஸ்தெயா’ வெறும் உண்ணாமையையே குறிக்கும். ‘உபவாசம்’ அவ்வாறன்று, ‘அருகில் தங்குதல்’ என்பது அதன் சொற்பொருள். சதபத பிராமணம் இதற்குத் தரும் விளக்கம் சுவையானது. நாளை வேள்வி நிகழும் என்றறிந்த தேவர்கள் முன்னாளிலேயே வேள்வி செய்வோன் இல்லத்தில் வந்து தங்குகின்றனர். விருந்தினர் உண்ணுமுன் தான் உண்பது தகாது என அவன் உணவைத் தவிர்க்கிறான். ஆக, உடலை ஒறுத்தலினும் விருந்தோம்பலே இவ்விளக்கத்தில் முதன்மை பெறுகிறது.

‘நோன்பு’ வேறு திசையில் செல்கிறது. ‘நோல்’ என்னும் வினை பொறுத்தலைக் குறிப்பது. ‘நோன்மை’ என்பதற்குப் பொறுமையும் வலிமையும் பொருள்கள். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (160) உண்ணாமல் பசியைப் பொறுப்பதற்கும் பிறரது கடுஞ்சொல்லைப் பொறுப்பதற்கும் இதே வினையை ஆண்டு, முன்னதைப் பின்னதற்கு அடுத்த நிலையில் வைக்கிறார். ‘நோன்பு’ என மொழிபெயர்த்தவர்கள் அறிந்தோ அறியாமலோ இவ்வொப்பீட்டையும் விவிலியத்துள் அழைத்து வந்துவிட்டனர்.

ஆய்வாளர் பார்வைக்கு அதிகம் படாத மூன்றாவது சொல் ஒன்றுண்டு. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேச வழக்கில் நோன்பு ‘ஒருசந்தி’ எனப்பட்டது. புலால் தவிர்த்தல் ‘சுத்தபோசனம்’ எனப்பட்டது. நாளில் ஒருவேளை மட்டும் உண்ணும் விரதத்திற்கு இந்துக்களிடையேயும் வழங்கும் சொல் ஒருசந்தி. பிற இரு சொற்களும் உளநிலையையோ இறைநெருக்கத்தையோ பேச, இது உணவின் அளவைப் பேசுகிறது. எளிய சொல்தான். எனினும் ஒருவேளை உண்டான் என்றால் எஞ்சிய வேளைகளின் உணவு என்னவாயிற்று என்று கேட்க இடந்தருவது இச்சொல் ஒன்றே.

அக்கேள்வியின் கனத்தை உணர விவிலியப் பாட வேறுபாடுகளுக்குச் செல்லவேண்டும். சீர்திருத்தத் திருச்சபைகளின் வழக்கில் ‘உபவாச ஜெபம்’ ஒரே சொல்போல இறுகிவிட்ட தொடர். இவ்விணைக்கு அடிப்படையாகப் பெரிதும் காட்டப்படுவது மாற்கு 9:29. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியில் அவ்விடத்தில் ‘நோன்பு’ இல்லை. அதே நூற்றாண்டின் சினாய்ச் சுவடியில் முதலில் எழுதியவர் அச்சொல்லை எழுதவில்லை. பின்வந்த திருத்துநர் சேர்த்துள்ளார். இதற்கு இணையான மத்தேயு 17:21 அவ்விரு சுவடிகளின் மூல எழுத்தில் முழுமையாகவே இல்லை. 1 கொரிந்தியர் 7:5, திருத்தூதர் பணிகள் 10:30 ஆகியவற்றிலும் நோன்பு பற்றிய குறிப்பு பின்னர்ச் சேர்ந்தது என்பதே பாட ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. 1871 மொழிபெயர்ப்பு தழுவிய கிரேக்கப் பாடத்தில் நான்கும் இருந்தமையால் தமிழிலும் நான்கும் இடம்பெற்றன. இவ்விணையே பிற்காலப் புனைவு என்று இதனால் கொள்ளுதல் கூடாது. லூக்கா 2:37இலும் திருத்தூதர் பணிகள் 13:3இலும் இரண்டும் ஐயத்திற்கு இடமின்றி உடன்வருகின்றன. வேண்டுதல் வந்த இடங்களில் நோன்பும் உடன்வரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எழுதுவோரிடையே வலுத்து வந்தது என்பதே பெறப்படுவது.

நான்கனுள் கொர்நேலியுவின் கதை தனித்து நோக்கத்தக்கது. செசரியாவில் இருந்த அந்த நூற்றுவர் தலைவனின் எவை கடவுள் திருமுன் நினைவுகூரப்பட்டன? பத்தாம் அதிகாரத்தின் நான்காம் வசனமும் முப்பத்தோராம் வசனமும் தரும் விடை ஒன்றே: அவன் வேண்டுதல்களும் அவன் செய்த தருமங்களும். முப்பதாம் வசனத்தில் மட்டும் இடையே நோன்பு நுழைகிறது. அங்கு மூல இணை வேண்டுதலும் ஈகையுமே. பிற்காலப் பக்தி வழக்கில் நோன்பு முன்னே வர, தருமம் பின்தள்ளப்பட்டது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் வைப்புமுறையும் இதையே உணர்த்தும்: ஈகை, வேண்டுதல், நோன்பு என மூன்றாகவே அங்குப் போதனை அமைகிறது, முதலிடம் ஈகைக்கு. கத்தோலிக்கத் தவக்கால மறையுரைகள் ஜெபம், தவம், தருமம் என மூன்றையும் ஒருங்கு கூறும் மரபைக் காத்துள்ளன. ‘உபவாச ஜெபம்’ என்னும் தொடரிலோ மூன்றாவதற்கு இடமே இல்லை. அத்தொடரில் நோன்பு, வேண்டுதலுக்கு வலுவூட்டும் கருவியாக மட்டும் நிற்கிறது.

ஏசாயா 58ஆம் அதிகாரம் சாடுவது இத்தகைய நோன்பையே. நோன்பிருந்தும் கடவுள் ஏன் காணவில்லை என முறையிடுவோருக்கு, நோன்பு நாளிலேயே தம் வேலையாட்களை ஒடுக்குகிறார்கள் என்பது சுட்டிக்காட்டப்படுகிறது. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே விரும்பும் நோன்பென விடை தரப்படுகிறது. இரண்டாம் நூற்றாண்டினதாகிய எர்மாவின் ‘மேய்ப்பர்’ இதனைக் கணக்காகவே மாற்றுகிறது: நோன்பு நாளில் அப்பமும் நீரும் மட்டும் கொண்டு, உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதனைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுக்கவேண்டும்.

ஈகை அதிகாரத்தில் (குறள் 225) பசியைப் பொறுக்கும் தவத்தோர் வலிமையைப் பிறர் பசியைத் தீர்ப்போரின் வலிமைக்கு அடுத்ததாக வள்ளுவர் வைப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. வள்ளுவரைக் கிறித்தவராகக் காட்ட முயன்றோரின் வழி இதுவன்று. அம்முயற்சிகள் தமிழாய்வுக்குப் பயன் தந்ததில்லை. இரு மரபுகளும் தொடர்பின்றியே ஒரே ஐயத்தை எழுப்பியுள்ளன என்பதே கருதத்தக்கது. உண்ணாமையை உயர்த்திப் போற்றிய சமயச் சூழலின் நடுவிலேயே இரண்டும் அதனை இரண்டாம் இடத்தில் நிறுத்துகின்றன.

இந்நோக்கில், ‘உபவாசம்’ போய் ‘நோன்பு’ வந்ததை ஆதாயம் எனலாம். பொறுத்தல் என்னும் பொருள் மீண்டது. ஆயின் அம்மாற்றத்திற்கு முன்னரே புழங்கிய ‘ஒருசந்தி’ ஆய்வுகளில் பழைய வட்டாரச் சொல்லாகவே ஒதுக்கப்படுகிறது. எர்மா கேட்ட கணக்கிற்கு மிக அண்மையில் நிற்கும் தமிழ்ச்சொல் அதுவே. ஞானோபதேச நூல்களிலும் திருச்சபைக் கட்டளைகளின் பழம்பதிப்புகளிலும் அச்சொல் எவ்வெவ் விளக்கங்களோடு பயின்றது, தருமம் அதனோடு எங்கெங்கு இணைக்கப்பட்டது என்பவை தனியே தொகுத்து ஆராயத்தக்கவை.