கொச்சிக் காலும் காமா கேமராவும்

தேங்கிய சாக்கடைத் தண்ணீர்தான் யானைக்கால் புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிறந்த வீடு. கொச்சியின் மட்டாஞ்சேரியில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. யானைக்காலுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களில் ஒன்று ‘கொச்சிக் கால்’. மலையாளத்தில் மந்து, பெருக்கால். எங்கல்பெர்ட் கெம்ஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1694இல் லெய்டனில் அளித்த ஆய்வேட்டில் இந்தப் பெருக்காலைத்தான் ‘பெரிகால்’ என்று எழுதினார். அவருக்குக் கண்ணே போதுமாக இருந்தது. இன்றைய டாக்டர்கள் நாங்கள் நிணநீர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கிறோம்.

அந்த ஸ்கேன் எளிமையானதுதான். கால் விரலிடுக்கில் கதிரியக்க டெக்னீசியம் கலந்த மருந்தை ஊசியால் ஏற்றி, அது நிணநீர்க் குழாய் வழியே தொடையிடுக்கு நெறிக்கட்டுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று காமா கேமராவில் பார்ப்பார்கள். 1952இல் லண்டனில் அறுவை மருத்துவர் கின்மந்த் காட்டிய எக்ஸ்ரே முறையில் பாதத்தைக் கீறிக் குழாயைத் தேட வேண்டும். பின்னாளில் அதில் ஏற்றிய எண்ணெய் மருந்து நுரையீரலுக்கும் போகும். அந்த அவதி இதில் இல்லை. ஆனால் மருந்தளவும் ஊசியின் ஆழமும் படமெடுக்கும் நேரமும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. ஓரிடத்தில் ‘தாமதம்’ என்று வரும் கால் இன்னோரிடத்தில் ‘இயல்பு’ ஆகிவிடலாம்.

என் மனத்தாங்கல் வேறு. கால் பருத்தபின் இந்தப் படம் எதற்கு? இரண்டாம் விரலின் அடித்தோலைக் கிள்ளிப் பார்த்து, மடிப்பு எழவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்று ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976இலேயே சொல்லிவிட்டார். ரத்தக்கட்டு இல்லை என்று உறுதிசெய்ய டாப்ளர் ஸ்கேன் வேண்டும். அதை நான் விடமாட்டேன். நிணநீர்க் குழாயை ரத்தநாளத்தோடு இணைக்கும் அறுவைக்கும் படம் தேவை. மற்றவர்களுக்குப் படத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வைத்தியம்தான்: சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம்போகத் துடைத்து, கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைப்பது.

படம் உண்மையில் சாதித்தது கொச்சிக்குத் தெற்கே, ஆலப்புழையில். அங்கே புரூஜியா மலாயி என்ற வேறு புழு. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர். கே. ஷெனாய் குழுவினர் அந்தத் தொற்றுள்ள குழந்தைகளைப் படமெடுத்தார்கள். வீக்கமே இல்லாத கால்களிலும் குழாய்கள் விரிந்திருந்தன. டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகள் கொடுத்தபின் பழுது மீண்டதை 2009இல் வெளியிட்டார்கள். பெரியவர்களின் நோய், வந்தால் போகாது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. அதற்காக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காமா கேமராவில் கிடத்த வேண்டியதில்லை. தொற்றைத் தேட, இரவில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் தொடங்கலாம்.

வீங்கிய காலுக்கு ஸ்கேன் எழுதினால், டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: “இதைப் பார்த்தபின் என் வைத்தியம் மாறுமா?”