தலைவர் வீட்டுத் திண்ணையும் காவல் நிலையத்துப் பெஞ்சும்

அடிபட்ட பெண் ராத்திரியில் எங்கே போவாள்? தலித் இலக்கியம் பற்றி முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மொழி, அழகியல், கெட்ட வார்த்தை, தன்வரலாறு என்று எவ்வளவோ விவாதித்தாகிவிட்டது. இந்தச் சின்னக் கேள்வியை மட்டும் நம் விமர்சனம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நம் படைப்புகள் கேட்டிருக்கின்றன. ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதை இந்தக் கோணத்தில் மறுபடி வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தங்கம் புருசனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். கொழுந்தன்மார் அவளுக்குரிய நிலத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பரஞ்சோதி உடையார் நிலத்தில் கூலிக்குப் போகிறாள். அங்கே அவள் உடம்பையும் அவன் எடுத்துக்கொள்கிறான். உடையார் வீட்டு ஆட்கள் அவளையே அடித்துப் போடுகிறார்கள். ரத்தக் காயத்தோடு அவள் வந்து விழும் இடம் தலித் தலைவர் காத்தமுத்துவின் வீடு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலம் கிடைத்திருந்தால் அவள் உடையார் வயலுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அடிக்கு முன்னால் ஒரு பங்கு மறுப்பு இருக்கிறது. அதைச் செய்தவர்கள் சொந்தச் சாதிக்காரர்கள், சொந்தக் குடும்பத்துக்காரர்கள். இந்த வரிசையை நாவல் தெளிவாகவே வைத்திருக்கிறது. சாதிக் கொடுமை நாவல் என்று மட்டும் வாசித்தவர்கள் இந்த முதல் கண்ணியைத் தவறவிட்டார்கள்.

காத்தமுத்து என்ன செய்கிறார்? புகார் எழுதுகிறார். நடந்தது நடந்தபடி எழுதினால், 'உடையாரோடு தொடர்பு வைத்திருந்தவள்தானே' என்று ஸ்டேஷனில் தள்ளிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் மேல்சாதித் தெருவில் நடந்ததற்காக அடித்தார்கள் என்று மாற்றி எழுதச் செய்கிறார். இது பொய். அதே நேரத்தில் இது ஒரு திறமை. காவல் நிலையத்தின் காது எந்தச் சொல்லுக்குத் திறக்கும், எந்தச் சொல்லுக்கு அடைத்துக்கொள்ளும் என்ற அறிவு சும்மா வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக அடிவாங்கி, மனு எழுதி, திருப்பி அனுப்பப்பட்டு நம் சனம் கற்றுக்கொண்டது. இதை மோசடி என்று ஒதுக்குகிற விமர்சகருக்கு நம் ஊர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த அனுபவம் இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு விலை இருக்கிறது. சாதி அவமானம் புகாரில் ஏறுகிறது, பாலியல் வன்முறை மறைந்துபோகிறது. தங்கத்துக்கு நடந்ததைத் தங்கத்தின் வாயால் சொல்ல அந்தக் காகிதத்தில் இடமில்லை. தலைவர் அவளுக்காகப் பேசுகிறார். பேசப் பேச அவள் குறைந்துகொண்டே போகிறாள்.

அடுத்தது வீடு. காத்தமுத்துவின் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மனைவிகள்: கனகவல்லி, நாகமணி. நாகமணி மேல்சாதியிலிருந்து வந்த விதவை. ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர் தலைவர், வீட்டுக்குள் அவரே சர்க்கார். மகள் கௌரி இதையெல்லாம் பார்த்து வளர்கிறாள். அடைக்கலம் தேடி வந்த தங்கம் கடைசியில் அந்த வீட்டிலேயே அவருடைய இன்னொரு பெண்ணாக ஆக்கப்படுகிறாள். உடையார் வயலில் எது நடந்ததோ அது பாதுகாத்தவர் கூரைக்குக் கீழேயும் நடக்கிறது. அவளுக்கென்று தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை அந்த ஊரில் எங்கேயும் இல்லை.

தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா, இது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்ற குரல் அன்றே எழுந்தது. சிவகாமியே 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' எழுதித் தன் நாவலைத் தானே விசாரணைக்கு உட்படுத்தினார். தமிழில் அது அபூர்வமான காரியம். என்னைப் பொறுத்தவரை, எதிரிக்கு ஆயுதம் என்கிற வாதம் புருசன் அடிப்பதை வெளியே சொல்லாதே என்று மாமியார் சொல்லும் வாதம்தான். குடும்ப மானத்தின் இடத்தில் இயக்கத்தின் மானம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1995இல் கோபால் குரு, தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று எழுதியபோது மேல்சாதிப் பெண்ணியத்தை மட்டும் அவர் கேள்வி கேட்கவில்லை. தலித் ஆண் தலைமையும் அதற்குள் இருந்தது.

காவல் நிலையத்துக்கு வருகிறேன். பாமாவின் 'கருக்கு' (1992), 'சங்கதி' (1994) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 'கருக்கு'வில் சாதி மோதலைச் சாக்காக வைத்துப் போலீஸ் தெருவுக்குள் நுழைகிறது. ஆம்பளைகளை இழுத்துப் போட்டு அடிக்கிறது. தப்பியவர்களைப் பெண்கள்தான் மறைத்துக் காப்பாற்றுகிறார்கள். 'சங்கதி'யில் அதே மாதிரித் தெருவில் ஆம்பளைகள் பெண்டாட்டிகளை அடிக்கிறார்கள். போலீசிடமிருந்து அவனை ஒளித்து வைத்த கை, அவன் அடிக்கும்போது அதே போலீசைக் கூப்பிட எப்படி நீளும்? நம் பெண்கள் புகார் கொடுப்பதில்லை என்று ஆய்வு எழுதுகிறவர்கள் அறியாமை, படிப்பின்மை என்று காரணம் அடுக்குகிறார்கள். எனக்கு இது அறியாமையாகத் தெரியவில்லை, நினைவாகத் தெரிகிறது. 1992 ஜூனில் வாச்சாத்தியில் பழங்குடிப் பெண்களைச் சிதைத்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைச் சீருடைக்காரர்களும் ஊழியர்களும்தான். தண்டனை வர 2011 ஆனது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. அதே 1992இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். இரண்டும் ஒரே வருஷம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மகளிர் காவல் நிலையங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆம்பளை ஏட்டிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிகிறது. ஆனால் பெண்களோடு துணைக்குப் போகிற நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "உங்க சனத்துல இதெல்லாம் சகஜந்தானம்மா, எழுதி வாங்கிட்டு அனுப்பிடுறோம், அனுசரிச்சுப் போ." புருசனும் தலித்தாக இருப்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கே உதவாது. 1983இல் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலையிலிருந்து நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. அதில் அவன் ஜெயிலுக்குப் போனால் கூலி நின்றுவிடும், ஊரே அவளைத் திட்டும். அவள் கேட்பது பெரும்பாலும் அவன் ஜெயிலுக்குப் போவதை அல்ல. "அடிக்காம இருக்கணும், நான் இந்த வீட்டுல இருக்கணும்" என்பதைத்தான்.

இதைச் சட்டம் காதில் வாங்க 2005 வரை ஆனது. 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் உயிர் என்று நான் 17, 19 பிரிவுகளைத்தான் சொல்வேன். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவளுக்கு இருக்க உரிமை உண்டு. தேவைப்பட்டால் அடிக்கிறவனை வெளியேறச் சொல்லலாம். மாற்று வீடோ வாடகையோ கொடுக்கச் சொல்லலாம். பக்கத்துக் காவல் நிலையம் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வீடும் காவலும் ஒரே உத்தரவில் சேர்வது இங்கேதான். ஆனால் அதே 2006 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பத்ரா வழக்கில், மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்றது. அதைத் திருத்தி, உறவினர் பெயரில் இருந்தாலும் அவள் வாழ்ந்த வீடு வாழ்ந்த வீடுதான் என்று சொல்ல 2020 அக்டோபர், அகுஜா தீர்ப்பு வரை ஆனது. பதினான்கு வருஷம் எத்தனை பேர் தெருவில் நின்றிருப்பார்கள்?

நம் வீடுகளோ இன்னும் சிக்கல். புறம்போக்குக் குடிசையில் அவளுக்கு இருக்க உத்தரவு வாங்கலாம். நாளைக்கு அரசாங்கமே குடிசையைப் பிடுங்கினால் அந்த உத்தரவை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துச் சேரிகளைப் பெயர்த்து விளிம்பில் கொட்டினார்கள். 'சங்கதி'யின் ராக்கம்மா தன்னை அடிக்கும் புருசனைத் தெருவில் நின்று நாறடிக்கிறாள். தெருவே அவளுக்குச் சாட்சி. வசவுதான் அவள் கையில் இருக்கும் ஒரே லத்தி. அடுக்குமாடியில் கதவைச் சாத்திவிட்டால் அந்தத் தெரு எங்கே? இடம் பெயர்த்தபோது ஓடி வரக்கூடிய அக்கா தங்கச்சிகளையும் பிரித்துவிட்டார்கள். வீட்டுக் கொள்கை என்பது காவல் கொள்கையும்தான் என்பதை நம் இயக்கங்கள் இன்னும் கோரிக்கையாக்கவில்லை.

காத்தமுத்துவின் திறமையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை ஒரே ஆணின் திண்ணையிலிருந்து இறக்கிப் பெண்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும். மனு எழுதத் தெரிந்த, பட்டாவில் யார் பெயர் என்று பார்க்கத் தெரிந்த, ஸ்டேஷனுக்கு இரண்டு பேராகப் போகத் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். அவள் சொன்னது அவள் சொன்னபடி காகிதத்தில் ஏற வேண்டும். அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள் என்பதற்குப் பதில் இல்லாமல் பஞ்சாயத்தைக் கலைக்கக் கூடாது. பெண்டாட்டியை அடிக்கிறவன் எவ்வளவு பெரிய போராளியாக இருந்தாலும் அந்தப் பஞ்சாயத்தில் உட்காரக் கூடாது. பொறுப்பிலிருந்தும் இறங்க வேண்டும். நம் இயக்கங்களில் எத்தனை பேர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்பதே இன்றைய கேள்வி.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலின் தலைப்பு நன்னூல் சூத்திரத்தின் முன்பாதி. புதியது புகுவதைச் சொல்லும் பின்பாதியைச் சிவகாமி விட்டுவிட்டார். 'கழிதலும்' என்பதில் உள்ள 'உம்' எண்ணும்மை, தனியாக நிற்காது, இன்னொன்றைக் கேட்கும். உடையார் மாதிரி ஆட்களின் அதிகாரம் கழிய வேண்டும் என்பதில் நமக்குள் தகராறு இல்லை. அந்த இடத்தில் காத்தமுத்து மட்டும் புகுந்தால் தங்கத்துக்கு எதுவும் மாறவில்லை. அந்த 'உம்'முக்குப் பக்கத்தில் தங்கத்தின் பெயரில் ஒரு வீடும், அவள் சொல்லைக் கேட்கும் ஒரு காவல் நிலையமும் வந்து நிற்க வேண்டும்.