தள்ளு ஏறும் சீட்டு

புதுச்சேரிக் கடைவீதிகளில் ஏலச்சீட்டு பழகிய விஷயம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000. மாதாமாதம் அதிகத் தொகையைத் தள்ளுபவருக்கே, அதாவது விட்டுக்கொடுப்பவருக்கே, சீட்டு. அவசரக்காரர் 30,000 தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 70,000. நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 25,000 எல்லோருக்கும் கசர், தலைக்கு 1,250.

இதன் நுட்பம் தோற்பவரிடம் இருக்கிறது. பொருளியலாளர் வில்லியம் விக்ரே 1961இல் அலசிய ஏலங்களில் தோற்றவருக்கு ஒன்றும் கிடைக்காது. இங்கே தள்ளு ஏற ஏற அவருக்குக் கசர் கூடும். ஆகவே பணம் தேவைப்படாதவரும் "இன்னொரு ஐந்நூறு" என்று ஏற்றிவிடுவார். எதிராளி சட்டென நிறுத்திக்கொண்டால் சீட்டு இவர் தலையில்! எதுவரை ஏற்றலாம் என்று கோட்பாட்டாளர்கள் சமன்பாடு எழுதித் தேடும் எல்லையைச் சீட்டு கட்டுபவர் எதிரிலிருப்பவர் முகத்தில் படிக்கிறார். பதிவுபெற்ற சீட்டுகளில் தள்ளுக்கு உச்சவரம்பு உண்டு. பலர் அதைத் தொட்டால் குலுக்கல்தான்.