நிற்கும் நேரத்துக்குக் கூலி: பெரிய லாரி நிறுவனங்களில் ஓட்டுநர் பணி

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், கோமதியம்மன் சந்நிதிக்கும் விசைத்தறிக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்றதே அன்றி, நாமக்கல்லையும் சங்ககிரியையும் போல லாரித் தொழிலால் அறியப்பட்ட ஊர் அன்று. ஆயினும், கிழக்கே கோவில்பட்டியைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-க்கும், மேற்கே புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளத்துள் நுழையும் தேசிய நெடுஞ்சாலை 744-க்கும் நடுவில் இருப்பதால், இங்கே கனரக வாகன உரிமம் பெறும் இளைஞருக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, டிஎன் 79 என்ற இவ்வூர்ப் பதிவெண்ணோடு ஒன்றிரண்டு வண்டிகளை ஓட்டும் உள்ளூர் உரிமையாளரிடம் சேர்வது. மற்றொன்று, நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ வண்டிகளை வைத்திருக்கும் பெருநிறுவனத்தில் சேர்வது. இரண்டாவதைப் புகழ்வோர் மாதச் சம்பளத்தைக் காட்டுகின்றனர். இகழ்வோர் கண்காணிப்பைக் காட்டுகின்றனர். இரண்டுமே உண்மைதான் என்றாலும், அப்பணியின் தரத்தை அளக்கும் கோல் இவ்விரண்டிலும் இல்லை. வண்டி ஓடாமல் நிற்கும் நேரத்தின் இழப்பை யார் சுமக்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

சிறு உரிமையாளரின் முறையில் அந்த இழப்பு ஒளிவுமறைவின்றித் தெரியும். புக்கிங் ஆபீஸ் எனப்படும் தரகு அலுவலகம் லோடு பிடித்துத் தரும். வாடகையில் டீசல், சுங்கம், தரகு, வழிச்செலவு போக மிஞ்சுவதில் ஓட்டுநருக்குப் படியோ பங்கோ கிடைக்கும். திரும்பும் லோடு கிடைக்காமல் மூன்று நாள் நின்றால் உரிமையாளர், ஓட்டுநர் இருவருக்கும் வருமானம் இல்லை. அவசரத்துக்கு முன்பணம் தருவதும், திருவிழாவுக்கு ஊருக்கு அனுப்புவதும் உறவின் பேரில் நடப்பவை. உறவு கசந்தால் கேட்க ஓர் இடம் இல்லை. சட்டமும் இங்கே துணைக்கு வருவதில்லை, ஏனெனில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேரையோ அதற்கு மேலோ அமர்த்திய நிறுவனத்துக்கும், தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பொதுவாகப் பத்துப் பேரிலிருந்தும், வருங்கால வைப்பு நிதி இருபது பேரிலிருந்தும் பொருந்துமாறு வகுக்கப்பட்டன. ஒற்றை வண்டிக்காரரின் ஓட்டுநர் இம்மூன்று வாசல்களுக்கும் வெளியே நிற்கிறார்.

பெருநிறுவனத்தின் முதல் நன்மை இந்த வாசல்களைத் தாண்டியிருப்பதே. 1976இல் கர்நாடகத்தின் கதக் நகரில் ஒரே லாரியுடன் விஜய் சங்கேஸ்வர் தொடங்கிய விஆர்எல், சொந்த வண்டிகளையே பெரிதும் நம்பி ஆயிரக்கணக்கான வாகனங்களாக வளர்ந்தது. அத்தகைய அமைப்பில் பட்டறையும் உதிரிப் பாகமும் நிறுவனத்தின் பொறுப்பாக அமைவதால், வழியில் அச்சு முறிந்தால் ஓட்டுநர் தன் கைப்பணத்தைத் தேட வேண்டிய நிலை குறைகிறது. விபத்து நேர்ந்தால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை கூறுகிறது. விபத்துக்குப்பின் தெரிவிக்காமல் தப்பினால் பத்து ஆண்டு வரை என்ற அதன் இரண்டாம் உட்பிரிவு, 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்குக் காரணமாகி, நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டத்தின் அடிக்கு அஞ்சி ஓடுபவருக்கும் குற்றவுணர்வின்றி ஓடுபவருக்கும் சட்டம் வேறுபாடு காணவில்லை என்பதே அவர்களின் முறையீடு. வழக்கறிஞரையும் காப்பீட்டுப் பிரிவையும் வைத்திருக்கக்கூடிய முதலாளி பின்னால் இருப்பது அத்தகைய நேரத்தில் சம்பளத்தைவிடப் பெரியது.

ஆனால் நேரக் கணக்கில் இந்த நன்மை தேய்கிறது. மேற்சொன்ன 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பிட்டு, நெடுந்தொலைவுக்கு அனுமதியுடன் பத்து மணி வரை விட்டுக்கொடுத்தது. அதே சட்டம் வேலை நேரத்தை வரையறுக்கையில், தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம் என்று தாராளமாகத் தொடங்கி, முனையங்களில் வெறுமனே காத்திருப்பதைச் சேர்க்கும்போது மட்டும் பதினைந்து நிமிடத்துக்கு உட்பட்டது என்று கையை இறுக்கிக்கொண்டது. பேருந்து நிலையத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரி என்றே அதைக் கருதத் தோன்றுகிறது. கிட்டங்கி வாசலில் சரக்கு இறக்க இரண்டு நாள் காத்திருக்கும் லாரி அந்த வரிக்குள் அடங்கவில்லை. அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் அது அறுபது ஆண்டுகளில் வளர்த்துவிட்ட பழக்கம், ஓடினால் வேலை, நின்றால் ஓய்வு என்னும் எண்ணம், சம்பளச் சீட்டுகளில் இன்னும் வாழ்கிறது.

அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து, கிலோமீட்டருக்கும் நடைக்கும் ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு இந்த எண்ணத்தின் நேரடி விளைவு. இது இந்தியாவின் தனிக் குறையன்று. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழிற்தரச் சட்டம் நெடுந்தொலைவு ஓட்டுநர்களுக்கு மிகைநேரக் கூலியிலிருந்து விலக்கு அளித்தது. மைல் கணக்கில் கூலி தரும் பெருநிறுவனங்களில் ஆண்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவை ஒட்டி ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருந்தது அங்கே பல ஆண்டுகள் பேசப்பட்ட செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2006ஆம் ஆண்டு விதியில், சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் ஓடிய தொலைவைக் கொண்டு கூலி நிர்ணயிப்பதையே தடுத்தது. ஓட்டும் நேரத்துக்கு வரம்பிட்டுவிட்டுக் கூலியைத் தொலைவோடு கட்டினால் வரம்பு நிற்காது என்று அது உணர்ந்திருந்தது.

காத்திருப்பைத் தீர்க்க முயன்ற துணிவான சோதனை ரிவிகோ. 2014இல் குருகிராமில் தொடங்கிய இந்நிறுவனம், பழைய அஞ்சல் குதிரை முறையைப் போல, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநரை மாற்றி, வந்தவரை எதிர்த்திசை வண்டியில் அன்றே ஊர் திரும்பச் செய்தது. ஓட்டுநருக்குக் குடும்பத்தைத் திருப்பித் தந்த முறை அது. ஆயினும் இருபுறமும் லோடு சீராக ஓடும் வழித்தடங்களிலேயே அது பொருந்தும், மாற்று நிலையங்களின் செலவும் பெரிது. அதன் விரைவுச் சரக்கு வணிகம் 2022இல் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வசம் 225 கோடி ரூபாய்க்குச் சென்றது. சங்கரன்கோவில் போன்ற கிளைச்சாலை ஊருக்கு அத்தகைய நிலையம் வருவதை எதிர்பார்ப்பது கடினம்.

பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே ஓட்டுநரைக் கொண்டு முழுத் தொலைவையும் ஓட்டும் எளிய வழியையே தேர்ந்தன. தேசிய உரிமம் பெற்ற வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதி 2018இல் தளர்த்தப்பட்டது. கிளீனர் என்னும் உதவியாளரும் பல வண்டிகளில் இல்லை. சரக்குடன் செல்லும் இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டு ஒருநாளுக்குச் செல்லுபடியாகும் தொலைவு 2021 ஜனவரி முதல் 100 கிலோமீட்டரிலிருந்து 200 ஆக உயர்ந்ததால், அந்த ஒருவர் மேல் நேர நெருக்கடியும் கூடியது. ஜிபிஎஸ் வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்பதைத் துல்லியமாகப் பதிகிறது. விந்தை என்னவெனில், சாலையோரத்தில் ஓட்டுநர் கண்ணயர்ந்த அரைமணிக்கு விளக்கம் கேட்கப் பயன்படும் அதே பதிவு, வாடிக்கையாளரின் வாசலில் அவர் இழந்த பத்து மணிக்கு ஹால்டிங் எனப்படும் நிறுத்தப்படி வழங்கவும் போதிய சான்றாகும். கருவியில் குறையில்லை; அதை ஒரு திசையில் மட்டும் படிப்பதுதான் குறை.

எனவே பணியில் சேர்பவர் ஆராய வேண்டியவை விளம்பரத்தில் உள்ள மொத்தத் தொகையை விடச் சிறியவை: வண்டியின் பதிவுச் சான்று நிறுவனத்தின் பெயரிலா, அதன் பெயரைப் பூசிக்கொண்டு ஓடும் அட்டாச் வண்டியின் தனி உரிமையாளர் பெயரிலா, ஹால்டிங் படி எத்தனையாவது மணியிலிருந்து தொடங்குகிறது, டீசல் மைலேஜ் குறைந்தால் யார் கணக்கில் பிடித்தம். அட்டாச் வண்டியாயின், பெருநிறுவனத்தில் சேர்ந்ததாக நினைப்பவர் உண்மையில் பழைய ஒற்றை வண்டிக்காரரிடமே சேர்ந்திருப்பார். மைலேஜ் பற்றிய கேள்வியின் கனம், 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்ட பிறகு கூடியிருக்கிறது. குளிர்சாதனம் ஓட இயந்திரம் ஓட வேண்டும், இயந்திரம் ஓட டீசல் எரிய வேண்டும். நிற்கும்போது எரிந்த டீசலும் ஓட்டுநரின் மைலேஜ் கணக்கில் ஏறுமானால், சித்திரை வெயிலில் கிட்டங்கி வாசலில் வரிசையில் நிற்பவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டியின் நிழலில் துண்டை விரித்துக்கொள்வார்.