தூத்துக்குடிக்காரரின் விவரமும் டெல்லியின் சட்டமும்

2010 ஏப்ரலில் சென்னையில் ஓர் உத்தரவு வந்தது. ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையோடு தொடர்புடைய வழக்கு அது. வெளிநாட்டில் வேலை பார்த்துவந்த வாடிக்கையாளர் ஒருவர், வங்கி அனுப்பியதுபோலத் தோன்றிய மின்னஞ்சலை நம்பித் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். 2007இல் அவர் கணக்கிலிருந்து லட்சக்கணக்கில் பணம் போனது. கொடுத்தது அவர் தவறு என்றது வங்கி. அன்றைய தமிழக தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் டேவிதார், தகவல் தொழில்நுட்பச் சட்டம் தந்த அதிகாரத்தில் வழக்கை விசாரித்தார். வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாது என்று கண்டு, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் அந்த உத்தரவு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாடிக்கையாளரின் கணக்கைக் காக்க வேண்டியவர் கோட்டைவிட்டால், நட்டப்பட்டவருக்கே அவர் ஈடு கொடுக்க வேண்டும்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான் இந்த வழக்கை வைத்துத்தான் அளக்கிறேன். 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அதற்கேற்ற சட்டம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம், அது சிறியதல்ல. ஒரு கடையோ செயலியோ வங்கியோ நம் ஒப்புதலோடு விவரம் கேட்டால், எதற்காகக் கேட்கிறது என்று எளிய மொழியில் தனியாக எழுதித் தர வேண்டும். வேண்டுமென்றால் அதைத் தமிழிலேயே வாங்கிப் படிக்கலாம். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் அந்த உரிமை உண்டு. கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அதே சுலபத்தோடு திரும்பப் பெறலாம். விவரம் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் முழு விவரம் தர வேண்டும். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

தூத்துக்குடியில் இதன் அருமை எங்கே தெரியும்? மகளிர் குழுக் கடனுக்கு வரும் முகவர் ஆதாரையும் ரேஷன் கார்டையும் தன் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போகிறார். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடற்பணிச் சான்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். வேலை கிடைக்காவிட்டாலும் அவை அவரிடமே கிடக்கின்றன. ஜெராக்ஸ் கடைக்கு அச்செடுக்க அனுப்பிய கோப்பு அந்தக் கடைக் கணினியை விட்டுப் போவதே இல்லை. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது இவர்கள் எல்லோருக்கும் சட்டப்படி ஒரு பொறுப்பு வரும். வேலை முடிந்தால் அழி என்று கேட்கலாம். துணிக்கடையில் பில் போடக் கைபேசி எண் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுரை சொன்னது. அந்த அறிவுரைக்கு அப்போது பல் முளைக்கும்.

ஆனால் இந்த உரிமைகள் எல்லாம் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் முழுதாகப் பயன்படும். அவசரக் கடன் தேவைப்படுகிற உப்பளத் தொழிலாளி, முகவர் நீட்டும் கைபேசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டா பெருவிரலை வைப்பார்? அறிவிப்பு தமிழில் இருந்தால் மட்டும் போதாது. படித்துவிட்டு மறுத்தாலும் கடன் கிடைக்கும் என்ற நிலை வேண்டும். கடனுக்குத் தேவையற்ற விவரத்துக்கு வாங்கும் ஒப்புதல் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. எது தேவை, எது தேவையற்றது என்று தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் வந்து பார்த்துச் சொல்லப் போவது யார்? வாரியம் டெல்லி வட்டாரத்தில் இருக்கிறது, எல்லாம் இணையவழி. பொய்யான அல்லது அற்பமான புகார் என்று தீர்ந்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்ற பிரிவு வேறு. வழக்கறிஞர் இல்லாத மனிதரை அந்தத் தொகை வாயடைக்கச் செய்யும்.

இதைவிடப் பெரிய குறை அரசைப் பற்றியது. இந்தக் கரையில் மக்களின் விவரத்தை அதிகமாகத் திரட்டுவது அரசுதான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்களுக்குக் கைரேகையோடு அடையாள அட்டை வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு வரும் 8,000 ரூபாய் நிவாரணத்துக்கு ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும். 2024இல் நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் 364 கோடி ரூபாய் செலவில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. படகு எங்கே நிற்கிறது என்பது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரியும்.

அந்தக் கருவியை நான் எதிர்க்கவில்லை. 2017 நவம்பரில் ஒக்கி புயல் எத்தனை குடும்பங்களைத் தவிக்கவிட்டது என்பதை இந்தத் தென்கடற்கரை மறக்காது. ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி போகும், எல்லைக்கோடு நெருங்கினால் எச்சரிக்கை வரும் என்றால் அது உயிரைக் காக்கிற பொருள். ஆனால் எந்தக் கடலடிப் பாரில் மீன் விழுகிறது என்பது மீனவனின் தலைமுறைச் சொத்து, பக்கத்துப் படகுக்காரரிடம்கூட அவன் சொல்லாதது. அந்த விவரம் எத்தனை நாள் வைக்கப்படும், யார் யார் பார்க்கலாம் என்று கேட்க அவனுக்கு உரிமை வேண்டாமா?

புதிய சட்டத்தில் அந்த உரிமை ஏறக்குறைய இல்லை. மானியம், நிவாரணம், உரிமம் போன்றவற்றுக்காக அரசு விவரத்தைக் கையாள ஒப்புதல் தேவையில்லை என்கிறது 7ஆம் பிரிவு. விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் உள்ள உரிமையோ ஒப்புதல் கொடுத்தவருக்கு மட்டுமே. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நிவாரணப் பட்டியலில் பெயர் தப்பாக ஏறிய மீனவப் பெண் இந்தச் சட்டத்தைக் காட்டித் திருத்தம் கேட்க முடியாது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்தே விலக்கிவைக்க 17ஆம் பிரிவு மத்திய அரசுக்கு இடம் தருகிறது. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளுக்குள் அத்துமீறி நுழைந்தார்கள் என்பது 2024 மே மாதம் வெளிவந்தது. அரசுக் கணினிகளும் கசியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் வலிப்பது, எந்தப் பிரிவு முதலில் நடைமுறைக்கு வந்தது என்பதுதான். குடிமக்களின் உரிமைகளும் நிறுவனங்களின் கடமைகளும் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் வருகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றும் திருத்தமோ 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட விவரத்தைத்தான் மறுக்கலாம். அதிலும் பொதுநலன் பெரிது என்றால் தர வேண்டும். இப்போது தனிநபர் விவரம் என்றாலே அந்தப் பிரிவில் மறுக்கலாம். பொதுநலன் கருதி வெளியிட இடம் தரும் 8(2) பிரிவு இருக்கிறது உண்மைதான், ஆனால் மறுக்க நினைக்கிற அலுவலருக்குக் காரணம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இந்தக் குப்பத்தில் நிவாரணம் வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்டால், அது தனிநபர் விவரம் என்று ஒரு வரியில் பதில் வரும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. யார் உத்தரவிட்டது, யார் சுட்டது என்ற கேள்விக்கு அதிகாரிகளின் பெயர்களைத் தவிர வேறு விடை கிடையாது என்பதை அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை வரும்வரை நான்கு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் அறியும். அந்தரங்கத்தின் பெயரால் அதிகாரத்துக்குத் திரை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி இழப்பீட்டுக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, 2024 செப்டம்பரில் டெலிகிராமில் கிடைத்தன. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவர் சொன்னார். இப்படி ஒன்று 2027க்குப் பிறகு நடந்தால், வாரியம் பெரும் அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நோய் விவரம் ஊரறிந்துபோன நோயாளிக்கு ஒரு பைசாவும் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை 82ஆம் விதியிலேயே இருக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, முக்கியமான தனிநபர் விவரத்தைக் காப்பதில் நிறுவனம் அலட்சியமாக இருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரச் சொல்கிறது. 2009இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவைப் புதிய சட்டம் நீக்குகிறது. தூத்துக்குடி வழக்கு அதற்கு முந்தைய 43ஆம் பிரிவில் நடந்தது, அந்தப் பிரிவு தப்பிவிட்டது. ஆனால் அது அத்துமீறி நுழைந்தவரைக் குறிவைத்து எழுதப்பட்ட பிரிவு, அலட்சியமாகக் காத்தவரை அல்ல.

43ஏ நீங்குவதும் 2027 மே மாதத்தில்தான். அதுவரை அது உயிரோடு இருக்கிறது. விவரம் கசிந்து நட்டப்பட்டவர்கள் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இன்றே மனுச் செய்யலாம். அந்த நாள் வருவதற்குள் இழப்பீட்டுப் பிரிவைப் புதிய சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் முன்வைக்கும்படி தூத்துக்குடி உறுப்பினரையும் மற்ற தமிழக உறுப்பினர்களையும் மீனவர் சங்கங்களும் உப்பளத் தொழிற்சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.