செத்த செல்லை மட்டும் மாற்றினால் போதுமா?

கரிவலம்வந்தநல்லூர் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில் இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஹைபிரிட் கார்களும் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றின் பேட்டரிக்கு டொயோட்டா தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; எது முந்துகிறதோ அது. வாடகை வண்டி கிலோமீட்டரைத்தான் முதலில் தாண்டும். அதன்பின் என்ன செய்வது என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம்.

ஜப்பானில் ஓடித் தேய்ந்த பிரியஸ், அக்வா ஹைபிரிட் கார்கள் இலங்கையில் ஏராளம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. இருக்கிற வண்டியைக் காப்பாற்றியே ஆகவேண்டிய அந்த நிலையில், முழு பேட்டரிக்குப் பதில் பழுதான மாட்யூல்களை (செல் தொகுப்புகளை) மட்டும் மாற்றும் வேலை பலருக்குக் கைகொடுத்தது.

இரண்டாம் தலைமுறை பிரியஸில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28, வரிசையாக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. ஒன்று சோர்ந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். மற்றவை நன்றாக இருக்கும்போது மொத்தத்தையும் தூக்கி எறிவது வீண். செலவும் குறைகிறது, வண்டியும் சீக்கிரம் கிடைக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஒரு மாட்யூல் செத்தது தற்செயல் அல்ல. மற்ற 27-க்கும் அதே வயது, அதே வெயில். வலுவுள்ள ஒன்றை இடையில் சேர்ப்பது இளங்காளையைக் கிழமாட்டோடு ஒரே ஏரில் பூட்டுவதுதான்: கொள்ளளவு ஒத்துப்போகாததால் சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் பலவீனமானவையே அடிவாங்கும். சில மாதங்களில் அடுத்தது போகும், பிறகு இன்னொன்று. எல்லா மாட்யூல்களையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கி, சுமை கொடுத்து அளந்து, ஒத்தவற்றைச் சேர்த்துக் கட்டினால் கதை வேறு. அதற்கு நாள் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் இதைச் செய்திருக்க முடியாது. 200 வோல்ட் நேர்மின்சாரம் உயிரைப் பறிக்கும் என்பதால், மின்தொடர்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திறப்பவரிடம் வண்டியை விடவே கூடாது.

பேட்டரியைத் தேய்ப்பதில் முதலிடம் வெப்பத்துக்கு. சார்ஜை ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்துக் காரின் கணினி காப்பாற்றுகிறது. அதனால்தான் இந்த வகை நிக்கல் பேட்டரிகள் பத்தாண்டைத் தாண்டியும் உழைக்கின்றன. குளிர்ச்சியைக் காப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பிரியஸில் பின் இருக்கையின் பக்கவாட்டுத் துளை வழியாக மின்விசிறி காருக்குள் உள்ள காற்றையே பேட்டரிக்கு இழுக்கிறது. செம்மண் புழுதி அதில் அடைத்துக்கொண்டாலோ, பையைச் சாத்தி மறைத்தாலோ, வெயிலில் கொதித்த காரை ஏசி போடாமல் ஓட்டினாலோ செல்கள் வெந்துபோகும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதும் கெடுதல்.

மாட்யூல் மாற்றிய பல வண்டிகளில் இந்த விசிறியை யாரும் தொடுவதில்லை. அந்த வேலையில் நான் காணும் பெரிய குறை இதுதான். மாற்றச் சொல்பவர் ஒவ்வொரு மாட்யூலின் அளவீட்டையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். விசிறியைக் கழற்றித் துடைத்ததைக் கண்ணால் பார்த்தபின் பணம் கொடுக்கட்டும்.